முகத்துவாரத்து உப்புத் தண்ணீர்

இது நடந்தது போன வருஷம், மழைக்காலம் முடிகிற நேரத்தில். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது எங்கள் குப்பம். என் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறார். அவர் கொண்டுவரும் மீனை நான் பஸ்ஸில் காட்டூருக்கு எடுத்துப் போய் விற்கிறேன். அரிவாள்மனையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு குந்தினால் மதியம் வரை அதே குந்தல்தான். மடவையோ கெளுத்தியோ, நறுக்கிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள்.

அப்படிக் குந்திக் குந்தி எழுந்த முட்டிதான் என்னைக் கைவிட்டது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் அரத்தால் ராவுகிற மாதிரி வலி. பஸ் படி ஏற முடியவில்லை. குந்தினால் எழ முடியவில்லை. மீன் வாங்க வந்தவர்களே கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. தைலம், ஊசி, கட்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனிமேல் வீட்டோடு இரு என்றார்கள். வீட்டோடு இருக்கிற ஜென்மமா நான்?

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், பயிற்சி கொடுத்துக் குணமாக்கும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்தாள். வலிக்குப் பயந்து பயந்து, தொடைக்கு வேலை சொல்வதையே மூளை குறைத்துக்கொண்டிருக்கலாமாம். தொடை சோம்பிப் போனதால் முட்டிக்குப் பிடிமானம் இல்லையாம். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுப் பட்டையைத் தலையில் கட்டி, மிக லேசான கரண்ட் கொடுத்து மூளையைத் தட்டி எழுப்பிவிட்டு, கையோடு பயிற்சியும் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள்.

"இன்னும் சோதிச்சுப் பார்த்துட்டு இருக்கிற முறைதான்க்கா. கண்டிப்பா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். இஷ்டம் இருந்தா மட்டும் வாங்க" என்றாள். ஒளிக்காமல் பேசியதாலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வருகிறேன் என்றேன்.

வீட்டுக்காரருக்குத்தான் இந்த வைத்தியம் பிடிக்கவில்லை. "வலிக்கறது முட்டி. தலையில இன்னாத்துக்கு கரண்ட்டு?" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வலையைப் பிரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். "தலையில கரண்ட்டு வெச்சா ஆளுங்கள மறந்துடுவாங்களாமே. என்னையும் மறந்துடுவியா?"

யாரோ கரையில் கிளப்பிவிட்ட கதை. சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க முடியவில்லை. அப்படியெல்லாம் ஆகாது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

விடிந்து பார்த்தால் ஆளையும் காணோம், படகையும் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று தனியாகவே பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ் புறப்படுகிற நேரத்தில் ஓடி வந்து ஏறினார். இடுப்பு வரைக்கும் ஈரம். கையில் ஒரு பை. வழியெல்லாம் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் மேஜைமேல் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "உப்புத் தண்ணி வேணும்னு சொன்னீங்களாமே. மழை பேஞ்சதுல ஏரித் தண்ணி சப்புனு கெடக்குதும்மா. அதான் மொகத்துவாரம் வரைக்கும் போயி, கடல் தண்ணி உள்ள ஏறுற நேரத்துல மொண்டாந்தேன். நல்லா கரிக்கும்."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "கண்ணாடி மாதிரி இருக்குண்ணா. ஆனா பஞ்சு நனைக்கிற தண்ணியில உப்பு எப்பவும் ஒரே அளவா இருக்கணும். அதனால எங்க தண்ணியத்தான் ஊத்தணும்" என்றாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. உடனே பஞ்சுப் பட்டையை அவர் உள்ளங்கையில் வைத்து, ஆஸ்பத்திரித் தண்ணீரையும் கொடுத்தாள். "நீங்களே நனைங்க. சொட்டக் கூடாது, காயவும் கூடாது."

வலை இழுத்துக் காய்த்துப்போன விரலால் அவர் அதைப் பதமாக அழுத்தி அழுத்தி நனைத்தார். தலையில் கட்டியதும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது, அவ்வளவுதான். அப்புறம் சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, படி ஏறி இறங்குவது. அவர் எதிரே உட்கார்ந்து வைத்த கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "நான் யாரு, சொல்லு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "தெரியலையே. யாருய்யா நீ?" என்றுவிட்டேன். அவர் கண் சட்டென்று கலங்கியதைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆஸ்பத்திரியிலேயே நானும் அழுதேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு தடவையும் பஞ்சை நனைக்கிற வேலை அவருடையதுதான். வீட்டில் மீன் பெட்டிமேல் ஏறி இறங்கிப் பயிற்சி செய்தால் விழுந்துவிடுவேனோ என்று முன்னால் வந்து நிற்பார். கரண்ட்டா, பயிற்சியா, எது எவ்வளவு வேலை செய்தது என்று அந்தப் பெண்ணே அடித்துச் சொல்லவில்லை. வலி சில நாள் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் காட்டூரில் குந்தி, யார் கையும் பிடிக்காமல் நானே எழுகிறேன்.

அப்படி எழும்போதெல்லாம் அந்த பாட்டில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. நான் தன்னை மறந்துவிடுவேன் என்று நம்பிய மனுஷன், அப்படியும் என் முட்டி சரியாகட்டும் என்றுதான் அந்தத் தண்ணீரை மொள்ளப் போயிருக்கிறார்.