பொன்னுத்தங்கத்துக்கு மாலை போட்டவர்கள்

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சூலக்கரையில் பொன்னுத்தங்கம் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கினவள் மாடத்தி. பொன்னுத்தங்கத்தின் வீட்டுக்காரர் பாலகுருவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி, திசையன்விளையில் வாக்கப்பட்டவள். கையில் ரோசாப்பூ மாலை. காலைத் தரையில் வைக்கும்போதே கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"என் மதினியே... ஒரு சொல் சொல்லி விடலையே... கடைசியா உன் மொகத்தப் பாக்கக் குடுத்து வைக்கலையே..."

தெருவே எட்டிப் பார்த்தது. கதவைத் திறந்தவள் பொன்னுத்தங்கம்தான். கையில் சேவு தேய்க்கிற கரண்டி, முழங்கை வரைக்கும் கடலைமாவு.

மாடத்தி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள். "மதினி, நீக இருக்கீகளா?"

"இல்லாம எங்க போனேன்? யாரு செத்துட்டான்னு இந்தக் கூத்து?"

"நீகதான்."

தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிவிட்டு மாடத்தி விஷயத்தைச் சொன்னாள். ஞாயித்துக்கிழமை மதுரைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். கயத்தாறு தாண்டி ஒரு பெரிய ஓட்டலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு படம். படத்துக்கு மாலை, கீழே விளக்கு. படத்தில் பொன்னுத்தங்கம்.

"ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றார் பாலகுரு.

"சாவுத் துட்டிய யாராவது போன்ல கேப்பாகளாண்ணே? நேர்ல வந்து கட்டிப் புடிச்சு அழுகணும்ல. மதினி செத்ததுக்குக்கூட எனக்குச் சொல்லி விடலைன்னு உங்க மேல ரெண்டு நாளாச் சோறு எறங்கலை, தெரியுமா?"

அன்றைக்குப் பொன்னுத்தங்கம் அடுப்பை அணைத்தாள். தீபாவளி, பொங்கல் தவிர அந்த அடுப்பு அணைந்ததே இல்லை.

அவள் யாரென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எட்டு வயசில் நாரணாபுரத்தில் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினாள். பதினாலு வயசில் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். அந்த செட்டில் அவளுக்குச் சரியாகப் பின்ன ஆள் கிடையாது. மேஸ்திரியே மற்றவர்களைக் கூப்பிட்டு அவள் கையைப் பார்க்கச் சொல்லுவார். பாலகுரு அங்கே மருந்து கலக்கிற ரூமில் இருந்தார். ஒருநாள் பக்கத்து ரூம் வெடித்துத் தூக்கி எறிந்தது. காது அடைத்துப்போய் வெளியே வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினவள்தான், அதற்கப்புறம் இரண்டு பேருமே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சாத்தூர் பாலத்தடியில் பஸ்சுக்குப் பஸ் ஓடி வெள்ளரிப்பிஞ்சு விற்றாள். அதில் மிஞ்சினதை வைத்துச் சேவு போட்டாள். சூலக்கரைப் பக்கம் ரோட்டோரத்தில் தகரக்கொட்டாய், பிறகு ஓட்டுக்கொட்டாய், பிறகு கான்கிரீட். ஒரு செங்கலுக்குக்கூட யார் கையையும் எதிர்பார்த்தவள் இல்லை. கடைக்குப் போர்டு கிடையாது. "சேவு வாசத்துக்கு வண்டி நிக்கலைன்னா, போர்டுக்கா நிக்கப் போகுது?" என்பாள். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் லோடு லாரி ஓட்டுகிற ஆட்களில் அவள் சேவைத் தின்னாதவன் இருந்தால், அவன் புது டிரைவராகத்தான் இருப்பான்.

மூன்று வருசத்துக்கு முந்தி மோட்டார் சைக்கிளில் ஒருத்தன் பெரிய கேமராவோடு வந்தான். பழைய ரோட்டு வழியாகவே குமரி வரைக்கும் போவதாகச் சொன்னான். படம் எடுக்கட்டுமா என்று கேட்டான். முகத்தைக் கழுவி, குங்குமம் வைத்து, மூக்குத்தியைத் திருகிவிட்டு நின்றாள். போகும்போது ஒரு பொட்டலம் கருப்பட்டிச்சேவும் சும்மா கொடுத்தாள். அந்தப் படம்தான் ஓட்டலில் தொங்குகிறது என்று, இப்போது அவனையும் அந்தப் பொட்டலத்தையும் சேர்த்து வைதாள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையன் ஊர்க்காவலன் தன் காரை எடுத்தான். முன்னால் பொன்னுத்தங்கம். பின்னால் பாலகுருவும் மாடத்தியும்.

"நாலுவழிச் சாலையில ஏறுனா ஒரு மணி நேரம்க்கா," என்றான் ஊர்க்காவலன்.

"ஏறாத. ஊருக்குள்ள பழைய ரோட்டுலயே விடு. என் மூஞ்சி இன்னும் எந்தெந்த ஊர்ல தொங்குதுன்னு நான் பாக்கணும்."

அப்படித்தான் அந்தப் பயணம் ஆரம்பித்தது. நாற்பது வருசமாக அந்த ரோட்டில் போகிறவர்களுக்குச் சேவு கொடுத்தவள், அதே ரோட்டில் காரில் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை. ரசிக்கிற நிலையில் அவள் இல்லை.

பட்டாசுக் கடைகள் வரிசையாக வந்தன. பனை உயரத்துக்குத் தகர ராக்கெட் ஒன்று நின்றது. ஒரு கடையில் தொண்ணூறு சதம் தள்ளுபடி என்று எழுதியிருந்தது.

"தொண்ணூறத் தள்ளிட்டா மிச்சம் என்னலே இருக்கும், வெறும் திரியா?" என்றாள். போர்டுகளில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மீசைக்காரர்கள், குழந்தைக் கிருஷ்ணன், கன்னத்தில் கைவைத்த சினிமாக்காரி மாதிரி ஒருத்தி. அவள் இல்லை.

சாத்தூர் பாலத்துக்கிட்ட வெள்ளரிப்பிஞ்சுக்காரி ஒருத்தி கூடையோடு ஓடி வந்தாள். பொன்னுத்தங்கம் ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னத்தா, முத்தலை வச்சிருக்க? மொளகாப்பொடி போன வருசத்துதா?"

"ஏன்க்கா சொல்ல மாட்டீக! நீக கார்ல இருக்கீக. முந்தி பஸ்சு பூரா ஊருக்குள்ள நிக்கும். இப்ப எல்லாம் பைபாஸ்ல பறக்குது. இந்த ரோட்டுல காலையில இருந்து நின்ன மொத வண்டியே உங்களதுதான். அதுலயும் கொறையா?"

பொன்னுத்தங்கம் கடித்த பிஞ்சை முழுசாகத் தின்றாள். கூடையில் பாதியை வாங்கி மாடத்தி மடியில் கொட்டினாள். காரை எடுக்கச் சொல்லிவிட்டு, பைபாஸ் போட்டவனிலிருந்து அதில் பறக்கிறவன் வரைக்கும் ஒருத்தன் பாக்கியில்லாமல் கோவில்பட்டி வரும்வரை வைதுகொண்டே வந்தாள்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடை வாசலில் டீ. மாடத்தி கண்ணை விரித்துக் கடைவீதியைப் பார்த்தாள்.

"எம்புட்டுக் கடை! பஸ்ல வந்தா இங்கன தூங்கிருவேன். மதினி செத்தது எனக்கு ஒரு வகையில நல்லதாப் போச்சு."

"இன்னொரு தடவ செத்ததுன்னு சொன்ன, உன்னய இங்கனயே எறக்கி விட்ருவேன்."

கயத்தாறு நெருங்கும்போது ராணி மங்கம்மா காலத்து மரங்கள் என்று சொல்கிற ஆலமரங்கள் ரோட்டுக்குக் குடை பிடித்தன. ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் சிமெண்டு டைனோசர் வாயைப் பிளந்து நின்றது. ஊருக்குள் கட்டபொம்மன் சிலை. மாலை போட்டிருந்தார்கள்.

"பாரு, அவருக்கும் மாலை போட்டுத்தான் இருக்கு," என்று சமாதானம் சொல்லப் பார்த்தார் பாலகுரு.

"அவரு வெள்ளைக்காரன எதுத்துத் தூக்குல தொங்குனவரு. நான் எதுல தொங்குனேன்? எவனோ ஒருத்தன் ஓட்டல்ல!"



ஓட்டல் வந்தது. இருபது பஸ் நிற்கிற மைதானம். வாசலில் ஃபைபர் பசுமாடு. மேலே, 'அன்னை அமிர்தவல்லி பாரம்பரியச் சுவையகம்'. உள்ளே கல்லாவுக்குப் பின்னால், மாடத்தி சொன்னபடியே, ஆள் உயரத்துக்குப் படம்.

பொன்னுத்தங்கம் கிட்டப் போய் நின்றாள். அவளுடைய மூக்குத்தி. அவளுடைய கரண்டி. முடியை மட்டும் பஞ்சாக வெளுத்துவிட்டிருந்தார்கள். நெற்றிக் குங்குமத்தை அழித்துவிட்டுச் சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள். கீழே ஊர்க்காவலன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: "அமரர் அமிர்தவல்லி அம்மாள். நிறுவனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு."

"ஐம்பத்தெட்டுல நான் பொறக்கவே இல்லைலே! இந்த மனுசன் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரு, எவன்லே என் குங்குமத்த அழிச்சது?"

பாலகுரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ள முடியும் உனக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றார். அவள் பார்த்த பார்வையில் இரண்டடி பின்னால் போனார்.

மேனேஜர் ஓடி வந்தான். ஸ்ரீராம்குமார் என்று சட்டையில் குத்தியிருந்தது. படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்ததில் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"அம்மா, உட்காருங்க. டிசைன் பண்ற கம்பெனிக்காரங்க கொடுத்த படம்மா. நெட்டுல இருந்து எடுத்திருப்பாங்க. உயிரோட இருக்கிற ஆளுன்னு எங்களுக்குத் தெரியாது."

"தெரியாட்டி? செத்துட்டான்னு எப்படித் தெரிஞ்சது?"

"அது... மாலை போட்டாத்தான்மா பழைய கம்பெனின்னு ஜனங்க நம்புவாங்க. உயிரோட இருக்கிற ஆள் படத்தை மாட்டுனா யார் மதிக்கிறா?"

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. அவன் ஒன்றும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கூடுதலாகச் சுட்டது. கல்லா மேல் தட்டில் சேவு குவித்திருந்தார்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் துப்பினாள்.

"காறலெடுத்த பாமாயிலு! என் மூஞ்சிக்குக் கீழ இந்தச் சேவையா விக்கிற? நாப்பது வருசமா ஒரு சட்டி எண்ணெய மறுநா ஊத்துனதில்ல நான். இதத் தின்னுட்டுப் போறவன் யாரத் திட்டுவான்? உன்னையா, படத்துல இருக்கிறவளையா?"

"அம்மா, மேல கேட்டுத்தான் எதுவும் செய்ய முடியும். சாப்பிட்டுப் போங்க. எல்லாருக்கும் ஃப்ரீயாத் தரச் சொல்றேன்."

"ஃப்ரீயா! எனக்கு!" அவள் திரும்பினாள். "ஏ மாடத்தி. சூலக்கரைக்கு எதுக்கு வந்த நீ?"

"உங்களுக்கு அழுகத்தான்."

"அழுதியா?"

"எங்க அழுக விட்டீக?"

"இப்ப அழு."

மாடத்திக்கு வேறென்ன வேண்டும்? கொண்டையை அவிழ்த்துவிட்டுப் படத்துக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஓட்டலின் கண்ணாடியெல்லாம் அதிர ஒப்பாரி எடுத்தாள்:

"செக்கெண்ணெ வாங்கி வந்து – என் மதினி
சேவு தேச்ச கையெங்கே?
காறலெண்ணெச் சட்டிக்குள்ள – உன்னக்
காவு தந்த ஞாயமென்ன?"

பொன்னுத்தங்கமும் அவள் தோளில் கைபோட்டு உட்கார்ந்துகொண்டாள். தன் சாவுக்குத் தானே மூக்கைச் சிந்தினாள். அதில் கொஞ்சம் நிஜக் கண்ணீரும் இருந்தது, ஆத்திரத்தில் வந்தது.

அந்த நேரம் மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற ஒரு வேன் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பொங்கலில் கை வைத்திருந்த ஒரு பெரியவர் ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "பொணத்த எடுக்கிறதுக்கு முந்தி துட்டி வீட்டுல கை நனைக்கலாமா?" என்று எழுந்தார். அவர் எழுந்ததும் அவர் வீட்டுப் பொம்பளைகள் எழுந்தார்கள். பக்கத்து மேசையில் பூரி கேட்டவர்கள் வேண்டாமென்றார்கள். இரண்டு பெண்கள் வழக்கப்படி வந்து மாடத்தியைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, "யாரு தாயி, எப்பப் போனாக?" என்று கேட்டார்கள்.

"இந்தா இருக்காகளே, இவுகதான்," என்றாள் மாடத்தி, அழுகையை நிறுத்தாமலே.

அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பொன்னுத்தங்கத்தைப் பார்த்தார்கள். விஷயம் மேசைக்கு மேசை பரவியது. சிரித்தவர்கள் உண்டு, ஆனால் சிரித்தவனும் சாப்பிட உட்காரவில்லை. உசுரோடு இருப்பவளுக்கு மாலை போட்ட இடத்தில் சோறு இறங்குமா? புதுசாக வந்த பஸ் ஒன்று சத்தத்தைக் கேட்டு, நின்ற வேகத்திலேயே கிளம்பியது.

ஸ்ரீராம்குமார் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போனான். "ஆமா சார்... உயிரோடதான் சார்... அழுவுறாங்க சார்... இல்ல சார், யாருமே சாப்பிடல." திரும்பி வந்து, "கழட்டச் சொல்லிட்டாங்கம்மா. தயவுசெஞ்சு நிறுத்துங்க," என்றான்.

"எறக்குன பெறகு நிறுத்துவா."

கரண்டு வேலை பார்க்கிற கருப்பணன் ஏணியோடு வந்தான். மாலையை அறுத்து எறிந்துவிட்டு, படத்தின் மூலையைப் பிடித்து உரிக்கப் போனான்.

"ஏலே, கிழிச்ச, கையை முறிச்சிருவேன். அது என் மூஞ்சி. ஆணியைத் திருகி எடு."

ஒவ்வொரு திருகாணியாகக் கழன்றது. படத்தை இறக்கித் தரையில் சாய்த்தார்கள். பொன்னுத்தங்கம் முந்தானையால் சந்தனப்பொட்டைத் தேய்த்தாள். அச்சடித்த பொட்டு, போகவில்லை. இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, குங்குமத்தை எடுத்து அதன் மேலேயே அழுத்தி அப்பினாள். மாடத்தி அப்போதுதான் குரலை இறக்கினாள்.

"வெறுஞ்செவுரா இருக்கேம்மா, அங்க இனிமே என்ன மாட்டுறது?" என்றான் ஸ்ரீராம்குமார், பாவம்போல.

"உங்க மொதலாளியோட ஆத்தா படத்த மாட்டு. இருக்காகளான்னு கேட்டுட்டு மாலை போடு."

வேன்காரர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெரியவர் அவள் பக்கத்தில் வந்து, சூலக்கரையில் கடை எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அவள் வழி சொன்னாள், கோபம் குறையாமலே. ஊர்க்காவலனும் பாலகுருவும் படத்தைத் தூக்கிக் கார் மேலே வைத்துக் கயிறு கட்டினார்கள். முடிச்சுப் போட உதவ வந்த கருப்பணன் குரலைத் தாழ்த்தினான்.

"யக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீக. வள்ளியூர்ல ஒரு பிராஞ்சு இருக்கு. அங்கன இருக்கிற படம் இதவிடப் பெருசு. கைய வேற எடுத்துக் கும்பிட வச்சிருக்கானுக."

பொன்னுத்தங்கம் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். வாழ்க்கையில் ஒரு கம்பெனிக்காரனையும் கும்பிட்டு நின்றவள் இல்லை அவள்.

"வண்டியத் தெக்க விடுலே, ஊர்க்காவலா."

"வீட்டுக்குப் போக வேண்டாமா தங்கம்? நான் இன்னும் மாத்திரை போடலை," என்றார் பாலகுரு.

"தண்ணி பின்னால இருக்கு. போட்டுட்டு ஏறுங்க."

மாடத்தி தொண்டையைச் செருமிப் பார்த்தாள். கரகரவென்றுதான் வந்தது. "மதினி, தொண்டை கட்டிருச்சு. வள்ளியூர்ல அழுகணும்னா ஒரு சோடா வாங்கிக் குடுங்க."

"நீ சோடாவக் குடிச்சுட்டுப் பேசாம இரு. வள்ளியூர்ல நானே அழுதுக்கிறேன்."