நிலவறையில் கிடைத்த ஓணான்

என் கணவருக்கு இழுப்பு வருத்தம். பூனையோ நாயோ இருக்கும் வீட்டுக்குப் போனாலே மூச்சு வாங்கும். மகள் படிக்க டிரெஸ்டனுக்குப் போன பிறகு, கொலோன் நகரில் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. உயிருள்ள எதையாவது வளர்ப்போம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ரோமமில்லாத பிராணி தேடியபோது, விலங்குகள் காப்பகத்தில் கழுத்தடியில் தாடிபோல் முள் வளரும் ஒரு தாடி ஓணான் இருப்பது தெரியவந்தது.

“ஓணானோ? உமக்கு விசரே? சின்னனிலை அதுக்குக் கல்லெறிஞ்ச ஆள் நான்,” என்றார் அவர்.

“ஒருக்கா வந்து பாருங்கோ. பிடிக்காட்டி விடுவம்.”

காப்பகத்துப் பெண் எதையும் மறைக்கவில்லை. வீடு மாறிப்போன யாரோ நிலவறையில் விட்டுச்சென்ற ஓணான் அது. வெளிச்சமில்லாமல் எலும்பு மெலிந்து முதுகு வளைந்திருந்தது. பகல் முழுக்க விளக்குச் சூடு வேண்டும், உயிருள்ள பூச்சி வேண்டும், இதற்கு வைத்தியம் பார்ப்பவர்களும் குறைவு என்றாள். “நாயைப் போல அன்பு காட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குப் பழகும், அவ்வளவுதான்.”

அன்று வெறுங்கையோடு திரும்பிவிட்டோம். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே அவர் கேட்டார்: “அந்த முதுகோடை அதை ஆர் கொண்டுபோகப் போயினம்?”

அடுத்த வாரம் அது எங்கள் வரவேற்பறைக்கு வந்தது.

முதலில் தன் கண்ணாடிப் பெட்டியில் வைத்த கல்லுக்குப் பின்னால் ஒளிந்தே கிடந்தது. நாங்கள் விலகிப் போனால்தான் சாப்பிடும். அதற்கு இரையாக வாங்கிவந்த டப்பாவிலிருந்து தப்பிய சில்வண்டுகள் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்து கத்தின. நான் விளக்குமாற்றோடு அவற்றைத் துரத்த, அவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, வேலையிடத்துக் கதைகளை ஓணானுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்குச் சொல்லாத கதைகள்கூட அதில் இருந்தன. சமையலறையில் நின்று கேட்பேன்.

கோடையில் யாழ்ப்பாணத்தில் என் தங்கை மகளின் கல்யாணம். ஓணானைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. “பூங்கண்டெண்டால் தண்ணி ஊத்துவன். இது ஏலாது அக்கா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கடைசியில் நான் தனியாகப் போனேன். கல்யாண வீட்டில் “அவர் வரேல்லையோ?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு ஓணானைக் காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை என்று சமாளித்தேன். அவர்மேல் கோபமும் வந்தது.

தாலி கட்டிய மத்தியானம் கைப்பேசியில் அழைத்தார். திரையில் அவருடைய உள்ளங்கை. அதில் பூசணித் துருவல். ஓணான் தயங்கித் தயங்கி வந்து, முன்கால்களை அவர் விரல்மேல் வைத்து, நாக்கை நீட்டி எடுத்தது.

“சத்தம் போடாதையும். சாப்பிடுறார்,” என்று கிசுகிசுத்தார்.

பக்கத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. நான் கைப்பேசியின் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன்.

இப்போது யாராவது ஓணான் எடுக்கலாமா என்று கேட்டால், சேர்ந்து ஊருக்குப் போக முடியாததையும் சில்வண்டையும்தான் முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருப்பவர்களை வீட்டுக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிடுகிறேன். மிச்சத்தை அவர் சொல்லிக்கொள்வார்.