வெண்மையான தண்ணீர்

சித்தூரில் இருந்துகொண்டு மாம்பழம் பிடிக்காது என்று சொல்பவனை ஊர் தள்ளிவைக்கும். என்னை வேறொரு காரணத்துக்காக முன்பே தள்ளிவைத்துவிட்டார்கள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: பிடிக்காது. வாசனையே ஆகாது.

எழுபதுகளில் எங்கள் மிஷன் காம்பவுண்டை ஒட்டி ஒரு மாம்பழக் கூழ் ஃபாக்டரி வந்தது. சீசன் வந்தால் பழம் கழுவிய தண்ணீர், தோல் ஊறிய தண்ணீர், அண்டா கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரே மண் கால்வாயில் எங்கள் காம்பவுண்டுக்குள் நுழையும். குடிதண்ணீர்க் கிணற்றை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் ஓடையில் விழும். இதற்குச் சபைக் கமிட்டியே அனுமதி கொடுத்திருந்தது. காரணம் பக்தி சம்பந்தப்பட்டது. அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் சேவலையும் கோயில் வாசலில் ஏலம் விடுவோம். சந்தையில் யாரும் சீந்தாத பூசணிக்காயைச் சண்டை போட்டு எடுப்பதில்தான் குடும்ப கௌரவம் இருந்தது. அந்த ஏலத்துக்கு ஃபாக்டரி முதலாளி பெட்டி பெட்டியாக ஜூஸ் டின் அனுப்புவார். அவர் எங்கள் மதம்கூட இல்லை. இதைவிட உயர்ந்த சாட்சி கமிட்டிக்குத் தேவைப்படவில்லை.

கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது என் அக்கா வீடு. சீசன் தொடங்கியதும் வாளிக் கயிறு வழவழக்கும். தண்ணீரில் புளித்த வாடை வரும். அக்கா பிள்ளைகள் இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு. சின்னது எலும்பும் தோலுமாகிவிட்டது. டாக்டர் மருந்து கொடுத்தார். மருந்தைக் கரைக்க அதே கிணற்றுத் தண்ணீர்.

"காலேஜ்ல இன்னாடா கிழிச்சிக்கினு இருக்க?" என்றாள் அக்கா. "இந்தத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நாலு பேருக்கு முன்னாடி காட்ட முடியாதா உன்னால?"

நான் அப்போது கல்லூரி ரசாயன லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது, லெக்சரர் உடைத்ததைப் பெருக்குபவன். ஆனாலும் எனக்கு விஷயம் தெரியும். மாம்பழச் சர்க்கரை தண்ணீரில் இறங்கினால் கிருமிகள் கல்யாணப் பந்தி மாதிரி வந்து உட்காரும். தின்று முடிக்கிற வேகத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் முழுவதையும் தீர்த்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. தண்ணீரைக் குமிழி இல்லாமல் பாட்டிலில் பிடித்து இரண்டு மருந்து விடவேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகத் திரியும்.

கால்வாய் அனுமதியை வருஷா வருஷம் கமிட்டி புதுப்பிக்கும். அந்த வருஷம் அதற்காக ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியபோது நான் இரண்டு பாட்டில்களோடு போனேன். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்று கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு வயல்கிணற்றில் பிடித்து வந்த நல்ல தண்ணீர். படித்தவன் புத்தி பாருங்கள்: விளக்கத்தை முதலில் சொல்லாமல், வித்தைக்காரன் மாதிரி கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

மருந்தை விட்டேன். வயல் தண்ணீர் சேற்றுப் பழுப்பாகத் திரிந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெள்ளை வெளேரென்று திரிந்தது.

எங்கள் சபையில் ஞானஸ்நான உடுப்பு வெள்ளை, கல்யாணப் புடவை வெள்ளை, கல்லறைக்கு அடிக்கும் சுண்ணாம்பும் வெள்ளை. அப்பேர்ப்பட்ட ஜனங்களுக்கு முன்னால் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன்.

கமிட்டி செக்ரட்டரி ரிடையரான ஹெட்மாஸ்டர். எனக்குப் பெரியப்பா முறை. வெள்ளை பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சூசாரா, பாத்தீங்களா? பாலு மாதிரி இருக்குது நம்ம தண்ணி."

"இல்ல பெரியப்பா, வெள்ளையானாத்தான் கெட்ட தண்ணி. பழுப்புதான் நல்லது."

அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சேறு நல்லது, பாலு கெட்டதா? இன்னா நைனா, காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

"அதுல பிராணவாயு இல்ல பெரியப்பா."

"தண்ணிக்கு எதுக்குப் பிராணவாயு? அது இன்னா மூச்சு வுடப்போவுதா?" என்று சொல்லிக்கொண்டே பாட்டில் மூடியைத் திருகினார். ஒரு வாய் ருசி பார்க்கப் போகிறார் என்று புரிந்ததும் பாய்ந்து பிடுங்கினேன்.

"வேணாம், நாக்கு வெந்துடும். அதுல கார மருந்து கலந்திருக்கு."

"யாரு கலந்தது?"

"நான்தான்."

அவர் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக்கோங்க. தண்ணியக் கெடுத்தது யாருன்னு அவனே ஒத்துக்கினான்."

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. கால்வாய் அனுமதி புதுப்பிக்கப்பட்டது. நான் இனி கிணற்றுப் பக்கம் பாட்டிலோடு வரக்கூடாது. அன்றிலிருந்து என் வீட்டுக்கு வருகிற யாரும் காப்பி குடிப்பதில்லை. கோயிலில் நான் உட்காரும் பெஞ்சில் எப்போதும் தாராளமாக இடம் கிடைத்தது.

வெளியே நின்றிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வண்டி ஒண்ணு சொல்லுடா," என்றாள். "இவங்க சிலுவையையே சுமந்துக்கினு அந்தக் கெணத்துல எறங்கட்டும். நான் எம்புள்ளைங்கள இட்டுக்கினு போறேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால், முனிசிபல் குழாய் இருக்கிற தெருவில் வாடகைக்குப் போனாள். பிள்ளைகளின் வயிறு கொஞ்ச நாளில் சரியாயிற்று. சின்னதுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. இடம் மாறிய பலன் என்றது கமிட்டி. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காம்பவுண்டில் மற்றவர்களும் ஒவ்வொரு வீடாகக் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கினார்கள், யாருக்கும் காரணம் சொல்லாமல். பெரியப்பா மட்டும் வீம்புக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கடைசிவரை குடித்தார். எண்பது தாண்டியும் கல்லு மாதிரி இருந்தார். பார்க்கும்போதெல்லாம் ஒரு சொம்பை உயர்த்திக் காட்டுவார். கால்வாயைக்கூட ஒருவேளை மன்னிப்பேன். அந்த ஆரோக்கியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.