தெரிந்த முகத்துக்கும் கார்டு

சில்லறை அக்காவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் அவளுடைய சின்னக் கடையின் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஒரு நோட்டைக்கூட மாற்றக் கூடாது. ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்குவாள், கண்ணாடியைத் துடைப்பாள், பழக்கதோஷத்தில் விலைப் பலகையின் விளக்கைப் போட்டுவிட்டுப் பதறி அணைப்பாள்.

தப்பு அவளுடையதுதான். பணம் மாற்ற வருகிற ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை வாங்கி நகல் எடுத்து வைக்க வேண்டும். புது ஆட்களிடம் கறாராக வாங்கினாள். பழகியவர்களிடம் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவரிடம் நீ யார் என்று கேட்பதா? சோதனைக்கு வந்த அதிகாரி, நகல் இல்லாத ரசீதுகளைத் தனியே அடுக்கினார். அடுக்கு உயர்ந்துகொண்டே போனது. அதில் பாதி அவள் நாத்தனாருடையது.

புருஷன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். ரத்து என்று வந்துவிட்டால் கறை கறைதான், அப்புறம் எந்தக் காலத்திலும் இந்தத் தொழிலுக்கு மனுப் போட முடியாது.

"அவங்க கழுத்தைப் பிடிச்சுத் தள்றதுக்குள்ள, லைசென்ஸை நாமளே குடுத்துட்டு வந்துடலாம்டி."

ஒப்படைக்கிறேன் என்று எழுதிய கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவள் விசாரணைக்குப் போனாள். அந்த அலுவலகத்துக்கு அலைந்த அலைச்சலில், வாசல் காவலாளியோடு சேர்ந்து டீ குடிக்கும் அளவுக்குப் பழகியிருந்தாள். அவர் கையை நீட்டினார்.

"என்னண்ணே, என்னைத் தெரியாதா?"

"உங்களைத் தெரியும்கா. கார்டைத்தான் இன்னைக்கு இன்னும் பாக்கல."

சுருக்கென்றது. ஆனால் கார்டைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் கோபம் ஆறிவிட்டது. அட, இவ்வளவுதானா? இதைக் கேட்கத்தானா இத்தனை நாள் கூச்சப்பட்டோம்?

ஒப்படைக்கிறீர்களா, விசாரணை நடத்தட்டுமா என்று அதிகாரி கேட்டபோது கடிதம் பைக்குள்ளேயே இருந்தது.

"நடத்துங்க சார். தெரிஞ்சவங்கன்னு விட்டுட்டேன். இனிமே எங்க வீட்டு ஆளா இருந்தாலும் வாங்குவேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார் அவர்.

தீர்ப்பு வரும்வரை அவள் நடந்த நடைக்கு வீட்டுத் தரை தேய்ந்திருக்கும். கடைசியில் ரத்து இல்லை என்று வந்தது. அபராதம் உண்டு, இனி ஒரு நகல் குறைந்தாலும் நேராக ரத்துதான்.

கடை திறந்த அன்று முதல் ஆளாக வந்து நின்றாள் நாத்தனார். டாக்ஸி காத்திருக்கிறதாம், சட்டென்று மாற்றித் தர வேண்டுமாம்.

அக்கா கையை நீட்டினாள். "கார்டு குடுங்க அண்ணி."

"யாருகிட்ட கேக்குற? உன்னைப் பொண்ணு பாத்து எங்க வீட்டுக்குக் கொண்டுவந்தவளே நான்தான்."

"அது எனக்குத் தெரியும் அண்ணி. சோதனைக்கு வர்றவருக்குத் தெரியாதே."

நாத்தனார் நோட்டுகளைச் சுருட்டிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கினாள். பின்னாலேயே ஓடப்போன அக்கா, கல்லாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டாக்ஸி கிளம்பவில்லை. நாத்தனார் அதன் கதவருகே நின்று, வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே பையைத் துழாவுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

கண்ணை அங்கிருந்து எடுக்காமலே, அக்கா நகல் எடுக்கும் மெஷினின் சுவிட்சைத் தட்டினாள்.