பாப்பாவின் பங்கு

எங்கள் திருத்தணியில் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், தெருவே கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். எதிர்வீட்டு சௌமியா படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கே எரிச்சல் தாங்கவில்லை.

சௌமியா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். புருஷன் டில்லிபாபு ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிறவன். மூத்தவன் தணிகேஷுக்கு ஏழு வயது. அவன் வயிற்றில் இருந்தபோது எல்லோரும் இரண்டு உயிருக்குத் தின்னச் சொன்னார்கள். இவளும் தின்றாள். எடை இருபது கிலோவுக்கு மேல் ஏறியது. பையன் குண்டாகவே பிறந்தான், குண்டாகவே வளர்ந்தான். இப்போது பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவனுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது உண்டானதும் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தாய் அளவுக்கு மீறி எடை போட்டால், பிள்ளைக்கும் பின்னால் உடம்பு பருக்கிற வாய்ப்பு கூடுமாம். அது ஒன்றே காரணம் இல்லை, ஆனாலும் நம் கையில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பட்டினி கிடக்க வேண்டாம், இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்தால் போதும். சௌமியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையாவது மூச்சு வாங்காமல் ஓட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

விட்டார்களா? மாமியார் கௌரியம்மாள் நெய் ஒழுக ஒழுக சர்க்கரைப் பொங்கல் கிண்டினாள். டில்லிபாபு ஒரு சாயங்காலம்கூட ஜாங்கிரிப் பொட்டலம் இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை. வேண்டாம் என்றால் மாமியார் பிடித்துக்கொள்வாள்.

"மாசமா கீறவ, கண்ணு முன்னாடி வந்தத துன்னாம வுட்டா, பொறக்கற கொயந்தைக்குக் காதுல சீழ் வடியும். தெரியுமா?"

காதுக்கும் ஜாங்கிரிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டுப் பார்த்தேன். எனக்குத்தான் திட்டு விழுந்தது.

கடைசியில் கௌரியம்மாளே ஒரு தீர்ப்பு சொன்னாள். "சரி, நீ ஒரு வாய் வெச்சுக்க. மிச்சத்த அண்ணன்காரன் துன்னட்டும். ஒரே ரத்தம்தான, தோஷம் இல்ல."

சண்டை ஓய்ந்தது. சௌமியாவுக்கும் அப்பாடா என்றிருந்தது. நாள் தவறாமல் அவளே தட்டை மகனிடம் நீட்டினாள். "இந்தா நைனா, பாப்பா பங்கு."

ஏழாம் மாதப் பரிசோதனைக்கு நானும் துணைக்குப் போனேன். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பையனும் வந்தான். எடை சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் சௌமியாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் இறங்கியதும் தணிகேஷ் விளையாட்டாக மெஷின் மேல் ஏறி நின்றான். எண்ணைப் பார்த்த நர்ஸ் குனிந்து இன்னொரு தரம் பார்த்தார்.

"வயசுக்கு ரொம்ப ஜாஸ்தியா கீதும்மா. அப்படி இன்னா குடுக்கறீங்க?"

சௌமியா மகனை மெஷினிலிருந்து இறக்கி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

சாயங்காலம் டில்லிபாபு வழக்கம்போல் பொட்டலத்தோடு வந்தான். சௌமியா அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"உங்க வாய மூடறதுக்கு எம் புள்ள வாயில போட்டுகினு இருந்தேனே! ஒண்ணக் காப்பாத்தறேன்னு இன்னொண்ணக் கெடுத்துட்டேனே!"

தணிகேஷ்தான் ஓடிப்போய் பொட்டலத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"அழாதம்மா, நான் துன்னுட்றேன். தெனமும் வவுறு வலிக்குது, வாந்தி வரா மாரி கீது. ஆனா நான் துன்னலன்னா பாப்பாக்குக் காது நோவுமில்ல?"

அவன் ஆசையாய்த் தின்கிறான் என்றுதான் இத்தனை மாதமும் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.