வெள்ளிக்கிழமைப் பாறை

இங்கே யாரும் கல்லைத் தொட்டுப் பார்ப்பதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் இந்த இரும்புச் சுரங்கத்துக்குக் குமாஸ்தாவாக வந்த நாளாய்ப் பார்க்கிறேன்: காலையில் முதல் வேலை, துளையிடும் இயந்திரம் கக்கிய காகிதச் சுருளை மேஜையில் விரிப்பதுதான். துளைக்கும் முனையான பிட் வேகமாக இறங்கிய இடத்தில் பேனாக்கோடு ஏறியிருக்கும், அது மென்பாறை. திணறிய இடத்தில் கோடு விழுந்திருக்கும். அது கெட்டிப்பாறை, அதற்கு அதிக வெடிமருந்து. ஃபோர்மேன் கெவினுக்கு அந்தக் கோடு வேதவாக்கு. வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மலை முழுவதும் கெட்டியாகிவிடுகிறது. விடுமுறைக்குப் பறக்கும் டிரில்லர்கள் மழுங்கிய பிட்டை மாற்றாமல் அடுத்த ஷிப்டின் தலையில் கட்டுகிறார்கள். பாறைக்குக் கிழமை உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். சங்ககிரிப் பக்கம் என் அக்கா வீட்டை ஒட்டி ஒரு கருங்கல் குவாரி. ஓட்டு வீட்டுக்குள் இரண்டு தறி போட்டிருந்தாள். குடும்பம் சாப்பிட்டது அதில்தான். வெடி பெரிதானால் ஓடு தாங்காது என்பது அவள் பயம். அங்கே புதிதாக வந்த இன்ஜினியர், குழி இறங்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தே பாறையின் கெட்டியைச் சொல்லிவிடுவார், அளவாக மருந்து வைப்பார் என்றார்கள். செய்தியாக்கப் போனேன். அக்காவும் வந்தாள்.

“ஏனுங்க, கல்லு எத்தனை கெட்டின்னு கடியாரம் சொல்லுமாக்கும்? எங்க ஊட்டு ஓடு எத்தனை கெட்டின்னு எதுங்க சொல்லும்?”

“பயப்படாதீங்கம்மா, எல்லாம் கணக்கு,” என்றார் இன்ஜினியர்.

டிரில் ஓட்டும் பழனியப்பன் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி முதல் குழியைப் போட்டான். வாழைத்தண்டில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. மற்ற குழிகள் இழுத்துக்கொண்டே போயின. அங்கெல்லாம் கெட்டிப்பாறை ஓடுகிறதென்று முடிவுகட்டி, இன்ஜினியர் மருந்தைக் கூட்டினார். விசில் ஊதியதும் அக்கா குடும்பத்தோடு ரோட்டுக்கு வந்து நின்றாள். பறந்துவந்த கற்கள் ஓட்டைப் பிளந்து இரண்டு தறியையும் நொறுக்கின.

“மொதக் குழி ராசிக்குங்க, புது பிட்டு. அப்பறம் பழசப் போட்டுக்குவமுங்க,” என்றான் பழனியப்பன், புழுதி அடங்கியபின்.

“அதை ஏன்யா சொல்லல?” என்றார் இன்ஜினியர்.

“உங்க கண்ணு முன்னாலதானுங்க மாத்துனேன்.”

“உன்ற ராசி என்ற தறி மேல வந்து உளுந்துதுடா சாமி!” என்றாள் அக்கா.

ராசி பார்த்தவனும் கடிகாரம் பார்த்தவரும் சேர்ந்து அளந்தது பிட்டின் வயதைத்தான். அக்கா இப்போது திருச்செங்கோட்டில் யாரோ ஒருவரின் தறியில் கூலிக்கு நிற்கிறாள்.

இதைக் கெவினிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கவலைப்படாதே, எங்கள் டிரில்லர்கள் பூஜை செய்வதில்லை,” என்று தோளைத் தட்டினார். எலுமிச்சம்பழம்தான் கல்லைப் பறக்கவிட்டது என்று விளங்கிக்கொண்டிருக்கிறார். பிட் மாற்றிய நேரத்தைச் சுருளில் குறித்தால் போதும் என்றேன். அது ஸ்டோர்ஸ் விவகாரமாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்கு இங்கேயும் அதே மூளைதான் வாய்த்திருக்கிறது.

நேற்று சைரன் ஊதியதும் எல்லோரும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி, வெடியைப் பார்க்கச் சுரங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். நான் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றேன். கண்ணுக்கெட்டிய வரை செம்மண்ணும் முட்புதரும். உடைவதற்கு ஓர் ஓடுகூட அங்கே இல்லை. தெரிந்தும், சத்தம் அடங்கும்வரை யாராவது வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்களா என்று அந்த வெறும் வெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.