வேனில் கிடந்த கெட்டிமேளம்

1. மெதுவா வாசி

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் லவுஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேலாளர் குணா என் பெயரைக் கூடக் கேட்கவில்லை. "சத்தம் போடுவியா?" என்றுதான் கேட்டார். டிரம்ஸ் வாசிக்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? மீன் விற்க வந்தவனிடம் நாறுமா என்று கேட்பது போல இருந்தது.

பியானோவுக்கு ஒரு சீனர், பாஸ் கிட்டாருக்கு ஒரு மலாய்க்காரர், டிரம்ஸுக்கு நான். மூன்று பேரும் நின்றால் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருப்போம். வாசித்தது ஜாஸ். கேட்டவர்கள் கேக் தின்றார்கள். முதல் பாட்டில் பாதி கூடத் தாண்டவில்லை, குணா ஓடி வந்துவிட்டார்.

"பெலான் லா, பெலான்! மெதுவா வாசிங்க. கெஸ்டுங்க டீ குடிக்கிறாங்க."

குணா நம்ம ஆள்தான். அதனால் மற்ற இருவரை விட என்னைக் கூடுதலாகவே அதட்டுவார். சில நாளில் ஸ்டிக்கையே தடை செய்துவிட்டார். இனி பிரஷ் மட்டும்தான் என்றார். பிரஷ் என்றால் மரப்பிடியில் மெல்லிய கம்பிகள் விசிறியாக விரிந்திருக்கும். ஸ்னேர் டிரம்மின் மேல் தேய்த்தால் 'உஷ்' என்று ஒரு சத்தம் வரும். பார்ப்பவர்களுக்கு நான் தோலைப் பெருக்குவது போலத்தான் தெரியும். அதையும் நன்றாகவே பெருக்கினேன். முப்பது வருடத்துக்கு மேல் வாசித்ததில் ஐந்து ஹோட்டல் மாறினேன். எல்லா ஹோட்டலிலும் ஒரு குணா இருந்தார்.

2. வீட்டில் இருக்கிற ஆம்பளை

என் மனைவி சரோஜா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தாள். எனக்கு வேலை மாலையில்தான். அதனால் பகலில் மகள் கவிதாவைக் குளிப்பாட்டி, சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, குழம்பு வைத்து, வீட்டைப் பெருக்கியது எல்லாம் நான்தான். இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள்தான் சொன்னார்கள்.

தீபாவளிக்கு வருவார்கள். நான் சுட்ட முறுக்கையே தின்றுகொண்டு, "மாப்ள இன்னும் டிரம்ஸ்தானா? வேலைக்கு எப்ப போறீங்க?" என்பார்கள். ஒருவர் உறுமி மேளம் அடிப்பீர்களா என்றார். ஜாஸ் என்றேன். "அது எந்தப் படத்துல?" என்றார். அன்றிலிருந்து விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு முறுக்குத் தட்டை அவர்கள் பக்கம் தள்ள ஆரம்பித்தேன்.

3. சூப்பர்வைசர்

கவிதாவுக்குப் பிடித்த பையன் அமைந்தான். தங்கமான பையன். அவன் அப்பாவுக்குத் தெப்ராவில் டயர் கடை. பரிசம் பேச வந்த அன்று சம்பந்தி என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப் போனார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கத்து ஆளுங்க கொஞ்சம் டீசண்ட். டிரம்ஸ் வாசிக்கிறார்னா, குடிச்சிட்டு கூத்தடிக்கிற ஆளுன்னு நெனச்சிருவாங்க. மேடையில ஹோட்டல் சூப்பர்வைசர்னு சொல்லிரலாமா? அன்னிக்கு டிரம்ஸ் பேச்சே வேணாம்."

நான் வாழ்நாளில் யாரையும் சூப்பர்வைஸ் செய்ததில்லை. குடித்ததும் இல்லை. 'முடியாது' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் கவிதா பின்னால் வந்து நின்றாள்.

"ஒரு நாள்தானப்பா. விட்ருங்க."

எனக்கு வலித்தது. சம்பந்தி சொன்னது கொசுக்கடி. இவள் சொன்னதுதான் உள்ளே போனது. இவள் சாப்பாட்டு மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வளர்ந்தவள். சரி என்று தலையாட்டினேன்.

சம்பந்தி அதோடு நிற்கவில்லை. நாதஸ்வரக் குழுவை அவரே ஏற்பாடு செய்தார். ஜொகூரில் இருக்கிற குழுக்கள் அவருக்குப் போதாதாம். "சிங்கப்பூர் செட்டு சம்பந்தி! தவில்காரர் அடிச்சா மண்டபமே அதிரும்!" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லைப் பாலம் தாண்டி வரவேண்டிய மேளம். பாலத்து நெரிசல் தெரியாதவரா? டயர் விற்பவருக்குத் தெரியாதா? கௌரவம் வந்தால் கண் போய்விடும் போலிருக்கிறது.

4. கெட்டிமேளம்

முகூர்த்தம் நெருங்கியது. மேளக் குழு பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. சம்பந்தி போன் செய்தால், "இப்ப வந்துருவோம்ணே" என்கிறார்கள். பின்னால் ஹாரன் சத்தம்தான் கேட்கிறது.

ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. "மேளம் எங்கங்க? கெட்டிமேளம் இல்லாம தாலி கட்டக்கூடாது. அந்த நேரத்துல யாராச்சும் தும்முனா என்ன பண்றது?"

அவர் பயந்ததில் தப்பில்லை. தாலி ஏறும்போது அபசகுனமாக ஒரு சத்தமும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் கொட்டுகிறார்கள். அன்று முன்வரிசையிலேயே மாப்பிள்ளையின் பெரியப்பா, சம்பந்தி பக்கத்து டீசண்ட் ஆள், ஜலதோஷத்தோடு உட்கார்ந்து ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தார். கவிதாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் தோள் துள்ளியது.

சம்பந்தியின் இளைய மகன் போனை மண்டப ஸ்பீக்கரில் இணைத்தான். நாதஸ்வரம் வந்தது. தவில் வந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். நடுவில் ஒரு பெண் குரல் வந்து, முடி கொட்டுகிறதா என்று கேட்டது. எண்ணெய் விளம்பரம். சம்பந்திக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை.

நான் தாரை வார்த்து முடித்திருந்தேன். என் கை காலியாகத்தான் இருந்தது. முந்தின நாள் ராத்திரி ஹோட்டலில் வாசித்த டிரம்ஸை இறக்க நேரமில்லாமல், அது அப்படியே வெளியே வேனில் கிடந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. டிரம்ஸ் பேச்சே வேண்டாம் என்றவர்கள்தானே? அவர்களே பேசட்டும்.

பேசியது கவிதா. மாலையும் பட்டுமாக மணவறையில் இருந்தபடியே தலையைத் தூக்கினாள்.

"அப்பா, வேன் சாவி யார்கிட்ட?"

அதற்கு மேல் எனக்கு ரோஷம் நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். ஸ்னேரையும் ஃப்ளோர் டாம் என்கிற பெரிய டிரம்மையும் தூக்கி வந்து மணவறை ஓரத்தில் வைத்தேன். பையைத் திறந்தால் அதில் வெறும் பிரஷ்தான். ஸ்டிக் ஏது? குணா வகையறா விட்டால்தானே! பிரஷ்ஷைத் தலைகீழாகத் திருப்பி, மரப்பிடி தோலில் படும்படி பிடித்துக்கொண்டேன்.

ஐயர் விரலை ஆட்டினார். அடித்தேன். முப்பது வருடமாகக் கற்ற நுணுக்கம் ஒன்றும் அங்கே தேவைப்படவில்லை. வேண்டியது சத்தம், இடைவெளி விடாத சத்தம். மாப்பிள்ளை குனிந்தான். பெரியப்பா வாயைப் பிளப்பது தெரிந்தது. அப்போது காதருகே ஒருவர் கத்தினார்.

"சம்பந்தி, சத்தமா! இன்னும் சத்தமா!"

என் வாழ்நாளில் அப்படி என்னிடம் சொன்ன முதல் ஆள், ஒரே ஆள், அந்த டயர் கடைக்காரர்தான். பெரியப்பா தும்மினார். தலை முன்னுக்கு ஆடியதைப் பார்த்தேன். சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தாலி ஏறிவிட்டது.

வேர்த்து ஒழுகிக்கொண்டு, கையில் பிரஷ்ஷோடு நின்றேன். அறிவிப்பாளர் எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தார்: "மணமகளின் தந்தை, ஹோட்டல் சூப்பர்வைசர்..."

"டிரம்மர்!" என்று கவிதா மணவறையிலிருந்து கத்தினாள். கல்யாணப் பெண் அப்படிக் கத்தக்கூடாதாம், டீசண்ட் ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் செட்டு பந்திக்குச் சரியாக வந்து சேர்ந்தது. தவில்காரர் இரண்டாம் முறை பாயசம் கேட்டார்.

அடுத்த வாரம் லவுஞ்சில் வாசிக்க உட்கார்ந்தேன். இப்போதைய குணா வந்து, "மெதுவா லா அங்கிள்" என்றார். மெதுவாகவே வாசித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்களை மெதுவாக வாசிக்கச் சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் ஒருவருக்குத் தும்மல் வரும். அதுவரை டிரம்ஸை வேனிலேயே வைத்திருங்கள்.